பகுப்பாய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

1961இல் அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பால் டீடரிக்கும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தார்கள். படித்தவர்களில் ஆங்கில ஆசிரியர்கள் இருந்தார்கள். சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், நிறுவன அதிகாரிகளும் இருந்தார்கள். எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று யாருக்கும் சொல்லித் தரவில்லை. தரத்தின்படி ஒன்பது அடுக்காகப் பிரித்து வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

300 கட்டுரைகளில் 101 கட்டுரைகள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா மதிப்பெண்ணையும் வாங்கின. ஒருவர் உச்சியில் வைத்த தாளையே இன்னொருவர் அடிமட்டத்தில் வைத்திருந்தார். 94 விழுக்காடு தாள்களுக்கு ஏழு, எட்டு அல்லது ஒன்பது விதமான மதிப்பெண் கிடைத்தது. ஐந்து விதத்துக்குக் குறைவாக வாங்கிய தாள் ஒன்றுகூட இல்லை.

இதைக் கேட்டதும் யாரோ அக்கறையில்லாமல் திருத்திவிட்டார்கள் என்று தோன்றும். நடந்தது அதுவல்ல. படித்தவர்கள் எழுதிய குறிப்புகளையும் போட்ட மதிப்பெண்களையும் சேர்த்து அலசியபோது, அவர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்து நிற்பது தெரிந்தது. ஒரு குழு கருத்தை எடைபோட்டது. ஒரு குழு எழுத்துப் பிழை, வாக்கியப் பிழை, நிறுத்தற்குறியைப் பார்த்தது. ஒரு குழுவுக்கு அமைப்பு முக்கியம். ஒரு குழுவுக்குச் சொல்லாட்சி முக்கியம். மற்றொரு குழு நடையிலும் எழுதுபவரின் தனித்தன்மையிலும் மனம் வைத்தது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு நல்ல கட்டுரையைத்தான் தேடினார்கள். தேடிய பொருள்தான் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல கல்லூரிகளில் நிலைமை அப்படியேதான் இருக்கிறது. அசைன்மென்ட் வருகிறது, 10க்கு 7 என்று போடப்படுகிறது, அந்த 7 எதற்கு என்று மாணவருக்கும் தெரியாது, ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஆசிரியருக்கும் தெரியாது. மொழியும் நீளமும் கையெழுத்தும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பகுப்பாய்வு அப்படித் தெரியாது. சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே இருக்கும் இரண்டு மூன்று வாக்கியங்களில் அது இருக்கிறது. அந்த வாக்கியங்களை நிறுத்திப் படிக்காமல் போடும் மதிப்பெண் பெரும்பாலும் சரளத்துக்குப் போகும் மதிப்பெண்.

ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சத்துணவுத் திட்டத்தின் தாக்கம் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டம் ஏழை எளிய குழந்தைகளின் வாழ்வில் பெரும் மறுமலர்ச்சியை ஏற்படுத்தியது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 73.45 விழுக்காடாக இருந்த எழுத்தறிவு, 2011ஆம் ஆண்டில் 80.09 விழுக்காடாக உயர்ந்தது. இதிலிருந்து சத்துணவுத் திட்டம் கல்வி வளர்ச்சிக்குப் பெரிதும் துணைபுரிந்தது என்பது தெள்ளத்தெளிவாகிறது."

பிழை இல்லை. ஆண்டு சரி, புள்ளிவிவரம் சரி, முடிவும் இருக்கிறது. வேகமாகத் திருத்தும் கை இதற்கு 20க்கு 14 போட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டும். நிறுத்திப் படித்தால் மூன்று ஓட்டைகள் தெரியும்.

முதலாவது, அளவிட்ட பொருளே வேறு. எழுத்தறிவு விகிதத்தில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும் அடக்கம். தொண்ணூறு வயதுப் பாட்டியும் அந்தக் கணக்கில் இருக்கிறார். மதிய உணவு நேரடியாக மாற்றக்கூடியது பள்ளிக்கு வரும் குழந்தையின் வருகையை, இடைநிற்றலை, உடல்நலத்தை. இரண்டாவது, காலம் பொருந்தவில்லை. திட்டம் தொடங்கியது 1982, எடுத்துக்கொண்ட பத்தாண்டு 2001இல் ஆரம்பிக்கிறது. 1982இல் ஆறு வயதில் தட்டேந்தி உட்கார்ந்த குழந்தைக்கு 2011இல் 35 வயது. அந்தப் பத்தாண்டு உயர்வில் அவருக்குப் பங்கே இல்லாமல்கூட இருக்கலாம். மூன்றாவது, வேறு காரணங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத முதிய தலைமுறை மறைவதும் பள்ளி சென்ற தலைமுறை கணக்கில் சேர்வதும் மட்டுமே விகிதத்தை உயர்த்தப் போதும். தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கம் இருக்கிறது, ஊருக்கு ஊர் பள்ளி வந்தது இருக்கிறது. இத்தனையும் தாண்டி "தெள்ளத்தெளிவாகிறது" என்பதற்கு அந்தப் பத்தியில் எந்த ஆதாரமும் இல்லை.

இதே பொருளில் இன்னொரு மாணவர் எழுதுவது இப்படி இருக்கலாம்:

"எழுத்தறிவு விகிதத்தை வைத்து மதிய உணவின் பயனை அளக்க முடியாது, ஏன் என்றால் அதில் பெரியவர்களும் சேர்ந்து விடுகிறார்கள். வருகைப் பதிவேடு இதைவிட நல்ல சான்று. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவு போட்ட பிறகு மாநிலங்கள் ஒரே நேரத்தில் தொடங்கவில்லை. முதலில் தொடங்கிய இடத்தையும் பின்னால் தொடங்கிய இடத்தையும் ஒப்பிட்டு பார்த்தால் உணவின் பங்கு ஓரளவு தெரியும். ஆனால் முதலில் தொடங்கிய மாநிலம் ஏற்கனவே கல்வியில் அக்கறை உள்ள மாநிலமாக இருந்தால் இந்த ஒப்பீடும் ஏமாற்றும்."

நடை தட்டையாக இருக்கிறது. "ஒப்பிட்டு பார்த்தால்" என்பதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. எந்தெந்த மாநிலம், எந்த ஆண்டு என்ற விவரமும் இல்லை, ஆகவே சான்றுக்கு முழு மதிப்பெண் தர முடியாது. ஆனால் பகுப்பாய்வு இங்கேதான் நடக்கிறது. எந்தச் சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று இந்த மாணவர் யோசித்திருக்கிறார். தன்னுடைய ஒப்பீட்டின் பலவீனத்தையும் தானே கண்டுபிடித்திருக்கிறார். இந்த இரண்டு பத்திகளில் முதலாவதற்கு அதிக மதிப்பெண் தரும் முறை எதுவானாலும், அது பகுப்பாய்வுக் கட்டுரையைத் திருத்தும் முறை ஆகாது.

இப்படிப் பிரித்துப் பார்க்க இரண்டு பழைய கருவிகள் உதவும். ஒன்று, தத்துவ அறிஞர் ஸ்டீஃபன் டூல்மின் 1958இல் முன்வைத்த வாத அமைப்பு. எந்த வாதத்திலும் ஒரு முடிவு இருக்கும், ஒரு தரவு இருக்கும், அந்தத் தரவிலிருந்து முடிவுக்குப் போக அனுமதி தரும் ஓர் இணைப்பு விதி இருக்கும். மாணவர்கள் முதல் இரண்டையும் எழுதிவிட்டு மூன்றாவதை வாசகர் மனதிலேயே இருப்பதாக நினைத்து விட்டுவிடுவார்கள். "எழுத்தறிவு கூடினால் அது மதிய உணவால்தான்" என்ற விதியை முதல் மாணவர் வெளிப்படையாக எழுதியிருந்தால், அது நிற்காது என்று அவருக்கே தெரிந்திருக்கும். திருத்தும்போது ஒவ்வொரு முக்கியப் பத்தியிலும் இந்த இணைப்பு வாக்கியத்தைத் தேடி ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கட்டுரை முழுவதும் கோடே விழவில்லை என்றால் அது தகவல் தொகுப்பு, எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

மற்றொன்று, கல்வி ஆய்வாளர்களான ஜான் பிக்ஸும் கெவின் காலிஸும் விடையின் தரத்தைப் பிரிக்க 1982இல் வகுத்த 'சோலோ' படிநிலை. கேள்வியைத் தொடாத விடை, ஒரே ஒரு அம்சத்தைப் பிடித்த விடை, பல அம்சங்களை வரிசையாக அடுக்கிய விடை, அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திய விடை, அதிலிருந்து பொதுவான ஒரு கருத்துக்குப் போன விடை என ஐந்து படி. கல்லூரித் தாள்களில் மூன்றாவது படியிலேயே ஏராளமானவை நின்றுவிடுகின்றன. அதற்கு மாணவர் மட்டும் காரணமில்லை. பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாம்களில் கையில் தரப்படும் 'கீ', அதாவது விடைக்குறிப்பு, பாயின்ட் பாயின்டாக இருக்கும். பாயின்ட்டுக்கு இத்தனை மார்க் என்று எண்ணினால், ஆறு துணைத்தலைப்பு போட்டு அடிக்கோடிட்டவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும், இரண்டே காரணங்களை எடுத்து எது வலுவானது என்று நிறுவியவருக்குப் பாதிதான் கிடைக்கும். மூன்றாவது படிக்குப் பரிசு தரும் கீயை வைத்துக்கொண்டு நான்காவது படியை மாணவரிடம் எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

கேள்வித்தாளிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. "சத்துணவுத் திட்டத்தின் நன்மைகளை ஆராய்க" என்ற கேள்வியில் 'ஆராய்க' இருந்தாலும் கேட்பது பட்டியல்தான். "1982க்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கை கூடியதில் சத்துணவின் பங்கு எவ்வளவு? வேறு இரண்டு காரணங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுக" என்று கேட்டால் பட்டியல் போட்டுத் தப்ப முடியாது. கேள்வியை அச்சுக்கு அனுப்புமுன் ஆசிரியரே அதற்கு 200 சொல்லில் ஒரு விடை எழுதிப் பார்ப்பது நல்லது. இரண்டு அறிவார்ந்தவர்கள் வேறுவேறு முடிவுக்கு வர முடியாத கேள்வி என்றால் அது பகுப்பாய்வுக்கு ஏற்றதல்ல.

அடுத்து அளவுகோல். ஆசிரியர்கள் பொதுவாக 'ரூப்ரிக்' என்றே சொல்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி, பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று 2009இல் 'வேல்யூ' என்ற பெயரில் வெளியிட்ட ரூப்ரிக்குகள் பல நாடுகளில் மாதிரியாகப் பயன்படுகின்றன. எழுத்துத் திறனுக்கான அட்டவணையில் ஐந்து கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நிலைகள், முதல் நிலையைக்கூட எட்டாத தாளுக்கு 0. விமர்சனச் சிந்தனைக்குத் தனி அட்டவணை. அதை அப்படியே இறக்கிக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாத் துறைக்கும் பொதுவாக எழுதப்பட்டதால் வரலாற்றுத் தாளுக்கும் பொருளியல் தாளுக்கும் சான்று என்றால் என்ன என்பதை அது சொல்லாது. துறை ஆசிரியர்கள் உட்கார்ந்து தங்கள் சொல்லில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1,200 சொல் கட்டுரைக்கு 20 மதிப்பெண் என்று கொண்டால், வேலைக்கு ஆகும் ஒரு பகிர்வு இது: கேள்விக்கு நேரான, மறுக்கத்தக்க ஒரு நிலைப்பாடு 4. சான்றின் பொருத்தமும் துல்லியமும் 4. சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் விளக்கம் 6. எதிர்க்கருத்தைக் கையாண்ட விதம் 2. அமைப்பு 2. மொழி 2. ஆறுக்கு மேல் கூறுகள் வைத்தால் திருத்துபவர் களைத்துப்போய் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் போட்டுவிடுவார். விளக்கத்துக்கு மட்டும் 6 வைத்தது வேண்டுமென்றேதான். மற்றவற்றை எல்லாம் நன்றாகச் செய்து அதைச் செய்யாதவர் 14ஐத் தாண்டக் கூடாது.

நிலை விளக்கத்தில் "மிக நன்று, நன்று, சுமார்" என்று எழுதுவது பயனற்றது. ஒருவருடைய 'நன்று' இன்னொருவருக்குச் 'சுமார்'. தாளில் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுத வேண்டும். விளக்கம் என்ற கூறுக்கு இப்படி: ஒவ்வொரு முக்கியச் சான்றும் ஏன் அந்த முடிவுக்கு இட்டுச் செல்கிறது என்று எழுதப்பட்டிருக்கிறது, வேறு காரணம் ஒன்றாவது எடுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது என்றால் 5 அல்லது 6. விளக்கம் இருக்கிறது, ஆனால் அதன் கீழே இருக்கும் அனுமானம் சொல்லப்படவில்லை என்றால் 3 அல்லது 4. சான்றும் முடிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நடுவே "இதிலிருந்து தெரிகிறது" மட்டும் இருக்கிறது என்றால் 1 அல்லது 2. சான்றோ முடிவோ இல்லை என்றால் 0. முன்னே காட்டிய முதல் பத்தி இதில் 1 வாங்கும், இரண்டாவது 5.

எதிர்க்கருத்துக்கு மதிப்பெண் வைத்தால் உடனே ஒரு போலி முளைக்கும். "சிலர் இதை ஏற்பதில்லை. எனினும் இத்திட்டம் சிறந்ததே" என்ற ஒற்றை வரி. ரூப்ரிக்கில் "எதிர்க்கருத்து குறிப்பிடப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தால் இதற்கும் மதிப்பெண் தர வேண்டியிருக்கும். "எதிர்க்கருத்தின் வலுவான வடிவம் சொல்லப்பட்டு, அதற்குக் காரணத்தோடு பதில் தரப்பட்டுள்ளது, அல்லது தன் முடிவு அதற்கேற்ப மட்டுப்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுதினால் போலிக்கு இடமில்லை.

மொழிக்கு 2 மட்டும் என்பதைச் சில தமிழாசிரியர்களும் ஆங்கில ஆசிரியர்களும் ஏற்கமாட்டார்கள். மொழிப்பாடக் கட்டுரை என்றால் கூட்டிக்கொள்ளலாம், தவறில்லை. வரலாறு, பொருளியல், சமூகப்பணி போன்ற துறைகளில் பிழையை இரண்டு வகையாகப் பிரிப்பது நல்லது. பொருளைக் குழப்பும் பிழை, அதாவது யார் எதைச் செய்தார் என்றே தெரியாத வாக்கியம், விளக்கத்தின் மதிப்பெண்ணையே பாதிக்கும். பொருளைக் குழப்பாத ஒற்றுப்பிழை, ரகர றகர மயக்கம் மொழிக்கான 2இல் மட்டும் கழியும். ஒரே பிழைக்கு இரண்டு இடத்தில் கழிப்பது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தமிழ் வழி படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய மாணவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார். அவருடைய யோசனை தாளில் இருக்கிறது. ஆர்ட்டிக்கிளும் டென்ஸும் தடுக்கிவிழுந்தால் அந்த யோசனையும் சேர்ந்து விழுந்ததாக ஆகிவிடுகிறது.

ரூப்ரிக் எழுதி முடித்ததும் வேலை முடிந்ததாகப் பல துறைகள் நினைத்துக்கொள்கின்றன. அதை எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. தாள்கள் வந்தவுடன் மேலோட்டமாகப் புரட்டி ஆறு தாள் எடுங்கள். ஒன்று தெளிவாக நல்லது, ஒன்று தெளிவாக மோசம், மற்ற நான்கும் இடைப்பட்டவை, அவற்றில் ஒன்று நடை அழகாக இருந்து யோசனை இல்லாதது, ஒன்று நடை கரடுமுரடாக இருந்து யோசனை உள்ளது. பெயரை மறைத்துப் படி எடுத்து எல்லோருக்கும் கொடுங்கள். தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகுதான் பேச வேண்டும். முதலில் பேசினால் துறைத்தலைவர் சொன்ன எண்ணையே மற்றவர்களும் சொல்வார்கள். ஒரு கூறில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்ட இடத்தில் நிறுத்தி, தாளில் எந்த வரியைப் பார்த்து அந்த மதிப்பெண் போட்டார் என்று ஒவ்வொருவரும் விரல் வைத்துக் காட்ட வேண்டும். வரியைக் காட்ட முடியாத மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் வேலை இது. முடிவில் ஒப்புக்கொண்ட மதிப்பெண்ணோடு அந்த ஆறு தாளும் நங்கூரத் தாள்களாக எல்லோர் மேசையிலும் இருக்கும், சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்ள.

திருத்தும் வரிசையும் மதிப்பெண்ணைத் தொடும். அருமையான தாளுக்கு அடுத்து வரும் சராசரித் தாள் மோசமாகத் தெரியும், மோசமானதற்கு அடுத்து வந்தால் பரவாயில்லை என்று தோன்றும். முதல் ஐந்து தாளில் இருந்த கறார் கடைசி ஐந்து தாளில் இருக்காது, சிலருக்கு நேர்மாறாகவும் நடக்கும். எல்லாம் முடிந்த பிறகு முதல் ஐந்து தாளை மறுபடி படித்துப் பார்த்தால் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஒரே தாளில் இரண்டு கட்டுரை இருந்தால், எல்லோருடைய முதல் கட்டுரையையும் முடித்துவிட்டு, கட்டைக் கலைத்துப் போட்டு இரண்டாவதைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கட்டுரை தந்த அபிப்பிராயம் இரண்டாவதின் மேல் ஏறிவிடும். பல்கலைக்கழகத் தேர்வில் டம்மி எண் போடுவதால் பெயர் தெரியாது. இன்டர்னலில் பெயர் தெரிகிறது, முன்வரிசையில் உட்காரும் மாணவர் முகமும் தெரிகிறது. பதிவெண்ணை மட்டும் எழுதச் சொல்லி முதல் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளலாம், செலவில்லாத வழி.

இருவர் திருத்தினால் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் நான்கு தாளுக்கு 14, 11, 16, 9 போடுகிறார். மற்றவர் அதே தாள்களுக்கு 11, 8, 13, 6 போடுகிறார். தரவரிசை அச்சாக ஒன்று. இருவர் மதிப்பெண்ணும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு அதன் உச்ச அளவான 1. ஆனால் இரண்டாமவரிடம் தாள் போன மாணவர் எல்லோரும் மூன்று மதிப்பெண் இழக்கிறார்கள். ஆகவே ஒட்டுறவோடு சராசரியையும் ஒப்பிட வேண்டும். இன்னொரு பக்கம், இருவருமே எல்லாத் தாளுக்கும் 12, 13 என்றே போட்டால் பிரமாதமாக ஒத்துப்போவது போலத் தெரியும், உண்மையில் யாரும் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் 'கப்பா' என்ற அளவை ஜேக்கப் கோஹன் 1960இல் தந்தார். பெரிய வேறுபாட்டுக்கு அதிக எடை தரும் வடிவத்தை 1968இல் சேர்த்தார். கட்டுரை மதிப்பீட்டில் இன்றும் அதிகம் பயன்படுவது இந்த இரண்டாவது வடிவம். ஒரு துறை அளவில் இந்தக் கணக்கு இல்லாமலும் சமாளிக்கலாம். பத்தில் ஒரு தாளை இரண்டாமவர் முதல் மதிப்பெண்ணைப் பார்க்காமல் திருத்தட்டும். 20க்கு 3க்கு மேல் இடைவெளி வந்தால் மூன்றாமவர் பார்க்கட்டும். அத்தகைய தாள்கள் பெருகினால் குறை ரூப்ரிக்கில் இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும்.

ரூப்ரிக்கே இல்லாத வழி ஒன்றும் உண்டு. லூயிஸ் தர்ஸ்டன் 1927இல் எழுதிய ஒப்பீட்டுத் தீர்ப்பு விதியிலிருந்து வந்தது. இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று மட்டும் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு தாளும் பத்து முறை ஒப்பிடப்படும்படி செய்தால் கணினி தரவரிசை தந்துவிடும். 40 தாளுக்கு 200 ஒப்பீடு. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் பத்து மணி நேரம், ஐந்து ஆசிரியர் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு மணி. மனிதர்களுக்கு "இது எத்தனை மார்க்" என்பதைவிட "இரண்டில் எது நல்லது" என்பது எளிதாக வரும் என்பதால் முடிவு நம்பகமாகவே இருக்கும். ஆனால் எனக்கு ஏன் இந்த இடம் என்று மாணவர் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் வரும் இடத்தில் இதை மட்டும் நம்ப முடியாது. நங்கூரத் தாள்களைத் தேர்ந்தெடுக்க நன்றாகப் பயன்படும்.

இயந்திரம் திருத்துவது புதிதல்ல. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வில் 1999இலேயே 'ஈ-ரேட்டர்' என்ற மென்பொருள் மனிதரோடு சேர்ந்து கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. வெளிநாட்டு மேற்படிப்புக்குப் பலர் எழுதும் ஜிஆர்ஈ தேர்விலும் மனிதர் ஒருவர், மென்பொருள் ஒன்று, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு மனிதர் என்ற முறை இருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த லெஸ் பெரெல்மன் மாணவர்களோடு சேர்ந்து 'பேபல்' என்ற நிரலை உருவாக்கினார். ஓரிரு சொற்களைக் கொடுத்தால் இலக்கணம் சரியாக, பெரிய பெரிய சொற்களோடு, பொருளே இல்லாத கட்டுரையைத் தரும். தானியங்கித் திருத்த மென்பொருள்கள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தன. நீளமும் சொல்வளமும் வாக்கிய அமைப்பும் எண்ணக்கூடியவை என்பதால் அவற்றையே எண்ணின. மனிதர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் ஒரு தாளைத் தள்ளிவிட்டால் அவரும் அவற்றைத்தான் எண்ணுகிறார். ஜிஆர்ஈயில் ஒருவருடைய வாதத்தைக் கொடுத்து அதன் ஓட்டைகளைக் காட்டச் சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபோது அதை எடுத்துவிட்டார்கள். பகுப்பாய்வைச் சோதிக்க அதைவிட நேரான கேள்வி வகை எனக்குத் தெரிந்து இல்லை. நம் இன்டர்னல் தேர்வுகளில் அதைச் சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் கிடையாது. ஒரு நாளிதழ்த் தலையங்கப் பத்தி போதும்.

சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டிலிருந்து எழுதிவரும் கட்டுரையில் சரளம் ஒரு தகுதியாகவே இல்லாமல் போய்விட்டது. கட்டுரையை இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கண்டுபிடிப்பான் மென்பொருளை நம்பிக் குற்றம் சாட்டக் கூடாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளை 2023இல் அத்தகைய ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துச் சோதித்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாக அவை சொல்லின. நம் மாணவர்களுக்கும் அதே கதிதான் நேரும். பயனுள்ள சோதனை வேறு: மேற்கோள் காட்டிய நூலின் பக்கம் உண்மையில் இருக்கிறதா, அந்தப் பக்கம் அதைத்தான் சொல்கிறதா என்று இரண்டு இடம் பாருங்கள். பிறகு மாணவரை மூன்று நிமிடம் உட்கார வைத்து "இந்தச் சான்று இல்லாவிட்டால் உங்கள் முடிவு மாறுமா?" என்று கேளுங்கள். தானே யோசித்து எழுதியவருக்கு இது இனிப்பான கேள்வி.

கடைசியாக, தாளில் எழுதும் குறிப்பு. ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எண்ணைப் பார்த்ததும் குறிப்பின் மேல் கவனம் போவதில்லை. கல்லூரியில் மதிப்பெண்ணைத் தராமல் இருக்க முடியாது, ஆனால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். 60 மாணவர், தாளுக்கு 12 நிமிடம் என்றால் 12 மணி நேரம். அதில் மூன்று மணி நேரத்தை முன்கூட்டியே செலவிடுங்கள். கட்டுரை தர வேண்டிய நாளுக்குப் பத்து நாள் முன்பு ஆளுக்கு ஒரே ஒரு பத்தி வாங்கி, மூன்று நிமிடத்தில் படித்து, மதிப்பெண் இல்லாமல் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள். "இது எதைக் காட்டுகிறது?", "வேறு எதனால் இப்படி ஆகியிருக்கலாம்?", "யாருடைய கணக்கு இது?" என்ற அளவில் போதும். "நன்று", "இன்னும் ஆழமாக எழுதவும்" என்று எழுதினால் மாணவர் எந்த வரியைத் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. மீதி ஒன்பது மணி நேரத்தில் இறுதித் தாளுக்கு ஒன்பது நிமிடம் கிடைக்கும். பிழைகளை எல்லாம் சிவப்பு மையில் வளைக்கும் வேலையை விட்டுவிட்டால் 1,200 சொல்லுக்கு அது தாராளம். முதல் பக்கத்தில் மட்டும் பிழையைக் குறித்து, மற்றவற்றை மாணவரே தேடிக்கொள்ளட்டும்.